முதல் மழையை நான் நம்பவில்லை

1

இந்த வருஷம் தம்பி கொடுத்துவிட்ட தைலத்தில் தீய்ந்த வாடை அடித்தது. அங்கே ஆரம்பித்ததுதான் எல்லாம்.

என்னைத் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். பெயர் பேச்சியம்மாள். கம்பத்துக்கு மேற்கே மலையில் பிறந்தவள். கல்யாணமாகிக் கொச்சிக்கு வந்து பாதி ஆயுசு ஓடிவிட்டது. மட்டாஞ்சேரியில், இஞ்சியைக் காயவைத்துச் சுக்காக்கும் களம் ஒன்றில் மேற்பார்வை வேலை. இங்கே ரேஷன் கடையில் நான் தமிழத்தி. கம்பத்தில் பஸ்ஸை விட்டு இறங்கினால் மலையாளத்துக்காரி. ஆதாரில் ஊர் ஒன்று, ரேஷன் கார்டில் ஊர் இன்னொன்று. இரண்டும் ஒரே ஆள்தானா என்று ஆபீசில் ஒருவர் கேட்டபோது எனக்கே ஒரு நிமிஷம் சந்தேகம் வந்துவிட்டது.

சந்தேகம் எனக்குக் கூடவே பிறந்தது. பாலில் விரலை விட்டுப் பார்த்துத்தான் வாங்குவேன். வானிலை அறிக்கையில் மழை என்றால் துணியைக் காயப்போடுவேன். என் மகள் அஞ்சு தேவராவில் காலேஜ் படிக்கிறாள். வீட்டில் அவள் எனக்கு வைத்திருக்கும் பெயர் சி.ஐ.டி. என் வீட்டுக்காரர் எந்தப் பெயரும் வைக்கவில்லை. அவர் பேசாமல் இருந்தே குடும்பம் நடத்துகிற ஆள்.

தம்பி வீரணன் மலையிலேயே இருக்கிறான். அப்பா விட்டுப்போன சரிவில் தைலப்புல் போட்டிருக்கிறான். கசக்கினால் எலுமிச்சை வாசம் வருமே, அந்தப் புல். அதை அறுத்துப் பெரிய அண்டாவில் தண்ணீரோடு ஏற்றி வேகவைத்து, ஆவியைக் குளிரவைத்தால் தைலம் மிதக்கும். கொச்சியில் தரை துடைக்க இந்தத் தைலம் இல்லாத வீடு கிடையாது. தை மாதத்துக் கடைசி அறுப்புத் தைலத்தைக் கம்பத்திலிருந்து வரும் பஸ்ஸில் எங்கள் களத்து முதலாளி சேட்டுக்குக் கொடுத்துவிடுவான். கேன் முதலில் என் கைக்குத்தான் வரும். தம்பிதானே என்று விடமாட்டேன், திறந்து முகர்ந்து பார்ப்பேன்.

இந்தத் தடவை எலுமிச்சைக்கு அடியில், அடிப்பிடித்த சோற்றின் வாடை இருந்தது. களத்தில் என்னோடு வேலை பார்க்கும் ஜமீலா இத்தாவிடம் நீட்டினேன். அவர் மட்டாஞ்சேரியிலேயே பிறந்தவர், என்னோடு பழகிப் பாதித் தமிழ் பேசுவார்.

"ஒண்ணும் இல்ல பேச்சி. நல்ல வாசனை. உனக்கு சம்சயம் ஒரு ரோகமாணு" என்றார்.

இருக்கட்டும் என்று மூடிவைத்தேன். ஆனால் மனது மூடவில்லை. தம்பி எதையாவது கலந்துவிட்டானா? வழியில் பஸ்காரர் யாராவது கைவைத்தார்களா? சாயங்காலம் போட் ஜெட்டி பக்கம் நின்று அவனுக்குப் போன் போட்டேன்.

2

"கலப்படமும் இல்ல, கத்திரிக்காயும் இல்ல. ஓடையில தண்ணி இல்லக்கா" என்றான் வீரணன். "அண்டாவுக்கு ஊத்துறதுக்கே கொடங்கொடமா சொமக்க வேண்டியிருக்கு. ஒரு நா தண்ணி வத்தினத யாரும் பாக்கல. அடிப்புல்லு தீஞ்சு போச்சு."

"தை மாசத்துல ஓட வத்துமாடா?"

"வத்திருச்சே. நான் என்ன பொய்யா சொல்றேன்?"

பொய் சொல்கிறான் என்றுதான் முதலில் நினைத்தேன். எனக்குத் தெரிந்த தை மாதத்தில் எங்கள் மலையில் காலை பத்து மணி வரை மூடுபனி விலகாது. காட்டுக்குள் போனால் காலடியில் சருகு நொறுங்காது, சொதசொதவென்று அழுந்தும். அடுப்புக்குப் பொறுக்கி வரும் சுள்ளியை ஊதி ஊதி அம்மாவுக்குக் கண் சிவந்துவிடும். அந்த மாதத்தில் எங்கள் காட்டைக் கொளுத்த வேண்டுமென்று ஒருவன் நினைத்தாலும் முடியாது.

அவன் பெண்டாட்டி செல்லம்மா போனை வாங்கிப் பேசினாள். மூடுபனியைப் பார்த்தே இரண்டு மூன்று வருஷம் ஆகிறதாம். ராத்திரிகூடப் போர்வை வேண்டியதில்லையாம். "ஆனா ஐப்பசியில கொட்டித் தீத்துருச்சு மதினி. புல்லு ஆளு ஒசரத்துக்கு நிக்குது. ஓரத்துல உண்ணிச்செடி பொதரு பொதரா மண்டிப் போச்சு" என்று சந்தோஷமாகச் சொன்னாள்.

அவளுக்குச் சந்தோஷம், எனக்குப் பயம். மழை கூடினால் தீப்பயம் குறையும் என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் கூடுதலாகப் பெய்த மழை கூடுதலாகப் புல்லை வளர்த்துவிட்டுப் போயிருக்கிறது. அந்தப் புல்லைக் காக்கப் பனியும் இல்லை, ஓடையும் இல்லை. காய்ந்தால் அத்தனையும் விறகு. அவள் பேசுகிற வீடு அந்தச் சரிவின் உச்சியில், காட்டு விளிம்பில் இருக்கிறது. உள்ளே இரண்டு சின்னப் பிள்ளைகள்.

3

தைலப்புல் போடுகிறவர்கள் ஒவ்வொரு கோடையிலும் அந்தப் புல்லுக்குத் தாங்களே தீ வைப்பார்கள். சமவெளியில் இருப்பவர்கள் இதைக் கேட்டால் பைத்தியமா என்பார்கள். காய்ந்த தாளைக் கொளுத்தினால்தான் மழைக்குத் தூர் புதிதாக வெடிக்கும், பூச்சி சாகும். அதற்கென்று ஒரு முறை உண்டு. முதல் கோடை மழை பெய்ய வேண்டும். அதற்கு மூன்று நாள் கழித்து, வெயிலில் புல் காய்ந்திருக்கும், காடு இன்னும் ஈரமாக இருக்கும். அன்றைக்குச் சாயங்காலம், காற்று திரும்பி மலையிலிருந்து கீழே இறங்கத் தொடங்கும் நேரத்தில், மேல் விளிம்பிலிருந்து பற்றவைப்பார்கள். காட்டுக்கும் புல்லுக்கும் நடுவே செதுக்கிவிட்ட வெற்றுத்தரை இருக்கும், அதற்குத் தீக்கோடு என்று பெயர். தீ மெதுவாகக் கீழே தின்றுகொண்டே போய்ப் பாறையில் அடங்கிவிடும். சரிவு முழுக்கப் பெண்களும் ஆண்களும் பச்சைக் கொப்போடு நிற்பார்கள், தாண்டும் பொறியை அடித்து அணைக்க. யார் நிலம் என்று பார்க்கமாட்டார்கள். நானும் கொப்பு பிடித்து நின்றிருக்கிறேன். புகையில் இருமி, சிரித்து, கருவாட்டுக் குழம்பும் சோறும் சாப்பிட்டு வீட்டுக்குப் போவோம்.

அந்த முறையில் தப்பில்லை, இன்றைக்கும் அதைத்தான் சொல்வேன். ஆனால் அது பங்குனி முடிந்து சித்திரை பிறக்கும்போது பெய்கிற மழையை நம்பிப் போட்ட முறை. அந்த முதல் மழைக்குப் பின்னால் இரண்டாவது, மூன்றாவது என்று வரிசையாக மழை வரும். அதனால்தான் அதற்கு முதல் மழை என்று பெயர்.

இந்த வருஷம் அது மாசியிலேயே வந்தது.

4

அன்று மட்டாஞ்சேரியிலும் மழை. களம் நிறைய இஞ்சி. தார்ப்பாயை இழுப்பதற்குள் சடசடவென்று கொட்டி முக்கால்வாசியை நனைத்துவிட்டது. சேட்டு மாடி ஜன்னலில் நின்று தலையில் கை வைத்துக்கொண்டார். முன்பெல்லாம் இப்படி நனைந்தால் நாலைந்து நாளைக்கு இஞ்சியைப் புரட்டிப் புரட்டிக் கை ஓய்ந்துவிடும். கடல் காற்று ஈரத்தை விடாது. பூசணம் பிடித்ததைத் தனியே பொறுக்க வேண்டும்.

மறுநாள் மதியம் ஜமீலா இத்தா ஒரு துண்டை எடுத்து என் முன்னால் ஒடித்தார். சட்டென்று முறிந்தது.

"நோக்கு பேச்சி, உணங்கிப் போச்சு. அல்லாவோட காருண்யம்" என்றார்.

எனக்குக் காருண்யமாகப் படவில்லை. தண்ணீருக்கு நடுவில் இருக்கிற ஊர் இது. இங்கேயே நனைந்த இஞ்சி ஒரே நாளில் முறிகிறது என்றால், எங்கள் மலையில் புல்லும் சருகும் என்ன கதியாகும்? சாயங்காலம் அஞ்சுவிடம் கேட்டேன். அவள் போனிலிருந்து தலையைத் தூக்காமல் பதில் சொன்னாள்.

"அது சிம்பிள் அம்மே. சூடு கூடினா காத்துக்கு தாகம் கூடும். மண்ணுல, எலையில, எங்க ஈரம் இருந்தாலும் குடிச்சிரும். மழை பெஞ்சா மட்டும் போதாது. பெஞ்சது நிக்கணும்."

"அப்ப மாமா தீ வச்சா?"

அப்போதுதான் தலையைத் தூக்கினாள். இவள் ஒரு தடவைகூடக் கொப்பு பிடித்து நின்றதில்லை. பரீட்சை, டியூஷன், கூட்டுக்காரி கல்யாணம் என்று ஒவ்வொரு வருஷமும் ஒரு காரணம். தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். மலையும் அவளுக்கு அப்படித்தான் ஆகிவிட்டது என்று எனக்கு வருத்தம் உண்டு. ஆனால் இந்த ஊரில் குப்பைக்கிடங்கு எரிந்த நாட்களில் ஜன்னலை ஈரத்துணியால் அடைத்துக்கொண்டு வீட்டுக்குள் கிடந்தவள் அவள். புகை என்றால் அவளுக்குத் தெரியும்.

"மாமனை இப்பவே விளிங்க" என்றாள்.

5

"மழ பேஞ்சிருச்சுக்கா! நாளைக்கழிச்சு சாயந்தரம் வச்சிருவோம்" என்றான் வீரணன், நான் வாயைத் திறப்பதற்குள்.

"வைக்காதடா. இது அந்த மழ இல்ல."

"மழையில என்னக்கா அந்த மழ, இந்த மழ?"

"பேஞ்ச தண்ணி மண்ணுல எறங்குச்சா? சருக அள்ளிப் பாத்தியா?"

"ஒரே அடியா அடிச்சு ஓடையில ஓடிருச்சு. ஓடையே ரெண்டு மணி நேரந்தான் ஓடுச்சு. ஆனா பேஞ்சது பேஞ்சதுதான? அப்பா இப்பிடித்தான செஞ்சாரு?"

"அப்பா காலத்துல மாசியில மழ பேஞ்சுச்சா?"

அவன் குரல் மாறியது. "நீ அங்க ஒக்காந்துகிட்டு சாயா குடிச்சுகிட்டே சொல்லுவ. புல்லு ஆளு ஒசரத்துக்கு நிக்குது. இப்ப நானா வச்சா என் இஷ்டத்துக்கு எரியும். வைகாசி வரைக்கும் போட்டு வச்சா எவனாவது பீடிய எறிஞ்சுட்டுப் போவான். அப்ப அது அது இஷ்டத்துக்கு எரியும். காளியப்பனும் ஒன்ன மாதிரியே பொலம்புறான், ரெண்டு வாரம் பொறுப்போம்னு. பயந்தாங்கொள்ளிப் பய."

காளியப்பன் அவனுக்குப் பக்கத்துச் சரிவுக்காரர், என்னோடு படித்தவர். தம்பி சொன்னதிலும் நியாயம் இருந்தது, அதுதான் என்னை இன்னும் பயமுறுத்தியது. சாயங்காலம் காற்று சொன்ன நேரத்துக்கு இறங்குகிறதா என்று கேட்டேன். "சில நா லேட்டாகுது" என்றான். லேட்டானால் காற்று மேலேதான் போகும். தீயும் மேலே போகும். மேலே அவன் வீடு.

அதைச் சொன்னேன். "ஒனக்கு எதுலதான் சந்தேகம் இல்ல?" என்று போனை வைத்துவிட்டான்.

6

மறுநாள் சாயா நேரத்தில் களத்துக்கு வெளியே வந்து வன அலுவலகத்துக்குப் போன் செய்தேன். என் தம்பியைப் பற்றி நானே சொல்லிக்கொடுக்கப் போகிறேன் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். முதலில் எடுத்தவர் வேறு நம்பர் கொடுத்தார். அந்த நம்பரில் எடுத்தவர் அது தங்கள் எல்லையில் வராது என்றார். மூன்றாவது ஆள்தான் கேட்டார்.

"தீ வைக்கப் போறாய்ங்கன்னு ஒங்களுக்கு எப்பிடிம்மா தெரியும்? எங்கருந்து பேசுறீங்க?"

"கொச்சி."

"கொச்சியில இருந்துகிட்டு இங்க நாளைக்கு வைக்கிற தீயச் சொல்றீங்களா?"

"அதே சாரே" என்று வாய் தவறி மலையாளத்தில் வந்துவிட்டது. என்னை ஏதோ எல்லைத் தகராறு ஆள் என்று நினைத்துவிட்டார் போல.

"பேரு?"

"பேரு வேணாம்யா. மேல வீடு இருக்கு, சின்னப் பிள்ளைக இருக்கு. கேஸு கீஸுன்னு போயிராதீங்க. நாளைக்கு மட்டும் நிறுத்துங்க, போதும்."

அவர் என்னை நம்பியிருக்கமாட்டார். நானாக இருந்தால் நம்பியிருக்க மாட்டேன். ஆனால் மறுநாள் மதியமே வனக்காவலர் நாலு பேர் மலையேறிவிட்டார்கள்.

7

தீ வைக்கவில்லை. காவலர்கள் தீக்கோட்டில் உட்கார்ந்து சாயங்காலம் வரை காவல் காத்துவிட்டு, எச்சரித்துவிட்டுப் போனார்கள். கேஸ் இல்லை. அன்றைக்குக் காற்று எந்தப் பக்கம் அடித்தது என்று செல்லம்மாவிடம் கேட்டேன். ஞாபகமில்லை என்றாள். ஆக, நான் செய்தது சரியா என்று எனக்குக் கடைசி வரைக்கும் தெரியப்போவதில்லை.

இரண்டாவது மழை வரவில்லை. பங்குனி முழுக்க வெயில். இங்கே களத்தில் சிமெண்டுத் தரையில் வெறுங்காலை வைக்க முடியவில்லை. சேட்டு மட்டும் முகம் மலர்ந்திருந்தார்.

ஒரு நாள் வீரணனே போன் செய்தான்.

"யாரு சொன்னதுன்னு தெரிஞ்சு போச்சுக்கா. காளியப்பன்தான். பொறுப்போம், பொறுப்போம்னு சொல்லிக்கிட்டே பின்னால போயி எழுதிக் குடுத்துருக்கான். சந்தையில வச்சு நாலு பேர் முன்னால நாக்கப் புடுங்குற மாதிரி கேட்டுட்டேன். இனி அவன் சரிவுல என் காலு படாது. என் சரிவுல அவன் காலு படக்கூடாது."

அதோடு விடவில்லை.

"ஒன்னத் தவிர யாரையும் நம்ப முடியலக்கா" என்றான்.

ஊரெல்லாம் சந்தேகப்பட்டுத் திரிந்தவள் நான், சந்தேகப்பட வேண்டிய இடத்தில் தம்பி என்னை விட்டுவிட்டான். அது மட்டும் என்றால் வாயை மூடிக்கொண்டு இருந்திருப்பேன், உண்மையைச் சொல்கிறேன். ஆனால் இரண்டு சரிவும் சேர்ந்துதான் அந்த மலை. காய்ந்த புல் அப்படியே நிற்கிறது. தீ எந்தப் பக்கமிருந்து வந்தாலும் முதலில் கொப்பை ஒடித்துக்கொண்டு ஓடிவர வேண்டியவர் காளியப்பன்தான். ஒருவர் நிலத்தில் ஒருவர் கால் படாது என்றால், யார் அணைப்பது? ஒரு தீயைத் தடுக்கப்போய், தீ வந்தால் தடுக்க ஆளில்லாமல் செய்துவிட்டேன்.

அஞ்சுவிடம் சொன்னேன். எல்லாவற்றுக்கும் சிரிப்பவள் சிரிக்கவில்லை.

"சொல்லிருங்க அம்மே" என்றாள். "தேஷ்யப்படட்டும். மாமன் அம்மையத்தான திட்டுவாங்க? அதுல வீடு எரியாதே."

8

"வீரணா, நான்தான்டா சொன்னேன்."

"என்ன சொன்ன?"

"பாரஸ்டுக்கு. நான்தான் போன் பண்ணேன். காளியப்பனுக்கு ஒண்ணும் தெரியாது."

அழுதுகொண்டே நான் என்னென்னவோ சொன்னேன். பிள்ளைகளைச் சொன்னேன், காற்றைச் சொன்னேன், இஞ்சி முறிந்ததைச் சொன்னேன். எதுவும் அவன் காதில் ஏறியதாகத் தெரியவில்லை.

"போலீசுக்காரன் வேல" என்றான் கடைசியில். "அக்கா வேல இல்ல."

வைத்துவிட்டான். அதன்பின் நான் கூப்பிட்டால் எடுப்பதில்லை. செல்லம்மா எடுத்து, "அவுக வெளிய போயிருக்காக" என்பாள். பின்னால் அவன் இருமுவது கேட்கும்.

9

நேற்று மதியம் களத்தில் இருக்கும்போது தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தது. வழக்கம்போல எடுக்கவில்லை. மூன்றாவது தடவை எடுத்தேன்.

"பேச்சி, நான் காளியப்பன்."

ரோட்டுப் பக்கமிருந்து தீ வந்ததாம். யார் வைத்தது, எப்படிப் பிடித்தது, யாருக்கும் தெரியவில்லை. ஆளுக்கு ஒரு பெயர் சொல்கிறார்களாம். முன்பெல்லாம் காட்டுத்தீ பொழுது சாய்ந்தால் பனியில் படுத்துவிடும், விடிந்தால்தான் எழுந்திருக்கும். இது படுக்கவில்லையாம், இரண்டு நாள் இரவும் பகலும் ஓயாமல் எரிந்திருக்கிறது. தம்பி சரிவில் பாதி போய்விட்டது. காளியப்பன் சரிவில் கொஞ்சம். மேல் விளிம்பில் தீக்கோட்டுக்கு வந்ததும் எல்லோரும் நின்று அடித்திருக்கிறார்கள். அங்கேயே அடங்கிவிட்டது.

"வீடு?" என்றேன்.

"வீடு இருக்கு. பிள்ளைக என் வீட்லதான் இருக்குக, சோறு தின்னுட்டுத் தூங்குதுக."

பக்கத்தில் இருந்த ஜமீலா இத்தா என் முகத்தைப் பார்த்துவிட்டு, பிடித்து உட்காரவைத்தார்.

"வீரணன் ஒங்கட்ட பேசுனானா?" என்று கேட்டேன்.

காளியப்பன் நடந்ததைச் சொன்னார்.

"பேசல. நான் போறப்ப வெறுங்கையோட போயிட்டேன். அவன் பாத்தான். ரெண்டு பச்சக் கொப்பு ஒடிச்சான், ஒண்ண என் கையில குடுத்தான். அம்புட்டுத்தான். விடியுற வரைக்கும் பக்கத்துல பக்கத்துல நின்னு அடிச்சோம்." அப்புறம், தயங்கித் தயங்கி, "ஒன் நம்பர அவன்தான் குடுத்தான். அக்காவுக்குச் சொல்லிருன்னு சொல்லல. நம்பர மட்டும் சொன்னான்" என்றார்.

இன்று வேலை முடிந்து வீட்டுக்கு வந்து இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். வீரணன் எனக்கு இன்னும் போன் செய்யவில்லை. செய்வானா என்று அஞ்சு கேட்டாள். கட்டாயம் செய்வான் என்றேன். அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். யாரைப் பற்றியும் நான் அப்படிச் சொல்லி அவள் கேட்டதில்லை.